ஒரு குரோஸுக்கு ஓர் அத்தியாயம்

வீட்டில் ஒரு பழைய அகராதி முதுகு பிரிந்து கிடந்தது. பைண்டிங் பண்ணக் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். கடைத் தம்பி ஓரத்தில் ஒரு சின்ன கேஸ் அடுப்பை வைத்து மைதா மாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். மாவு வெந்து பளபளத்ததும் காகிதப் பொட்டலத்திலிருந்து மயில்துத்தம் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். வெள்ளைப் பசை லேசாக நீலம் பாரித்தது.

“பெவிகால் வந்த பிறகும் இதுதானா தம்பி?”

“கனமான புக்குக்கு இதுதாம்மா நிக்கும். துத்தம் போட்டாப் பூச்சியும் அண்டாது.”

அவர் மேற்கொண்டு ஏதோ கூலிக்கணக்குச் சொன்னார். என் காதில் ஏறவில்லை. சுடச்சுடப் பசை மணத்தை முகர்ந்ததுமே நான் கோவில்பட்டிக்குப் போய்விட்டேன்.

எங்கள் தெருவில் பசை காய்ச்சாத வீடே கிடையாது. ஊர் முழுக்கத் தீப்பெட்டித் தொழில். ஆம்பளைகள் வேறு வேலைக்குப் போனாலும், வீட்டிலிருக்கும் பெண்களும் பிள்ளைகளும் பெட்டி ஒட்டுவார்கள். மரச்சீவலும் நீலத்தாளும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அடிப்பெட்டி தனி, மேல்பெட்டி தனி. ஒட்டி வெயிலில் பரப்பி, காய்ந்ததும் எண்ணிச் சேர்த்தால் 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒட்டினால்தான் சோறு என்று யாரும் சொன்னதில்லை. ஒட்டாமல் தட்டு முன்னால் உட்கார எங்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

நான் அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ. பெட்டி ஒட்டுவதில் எனக்குச் சாமர்த்தியம் பத்தாது. மூலை சரியாக மடியாது, பசை வழிந்து விரலோடு தாளும் வந்துவிடும். அடுத்த வீட்டு அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். எட்டாவதோடு அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைதான். தம்பிகள் படிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அவள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

“ஏ பிள்ள, நீ ஒட்டுனதை நாங்க பிரிச்சு ஒட்டுறதுக்கு, ஒம் பங்கையும் நாங்களே ஒட்டிருதோம். நீ அந்தப் புஸ்தகத்தைச் சத்தமா வாசி, போதும்.”

அன்றிலிருந்து அதுதான் ஒப்பந்தம். ஒரு குரோஸுக்கு ஓர் அத்தியாயம்.

அந்தப் புத்தகம் ‘பொன்னியின் செல்வன்’. 1950இலிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடரை யாரோ ஒரு புண்ணியவான் வெட்டி எடுத்து, காலிகோ அட்டை போட்டுக் கட்டிவைத்திருந்தார். கதைக்கு நடுவே தலைவலி மாத்திரைக்கும் கூந்தல் தைலத்துக்கும் விளம்பரம் வரும். அதையும் வாசிக்கச் சொல்வார்கள். சில வாரங்கள் கட்டில் விடுபட்டிருந்தன. அந்த இடங்களில் என்ன நடந்திருக்கும் என்று நாங்களே பேசி முடிவு செய்து அடுத்த அத்தியாயத்துக்குப் போவோம். பல வருஷம் கழித்து அச்சுப் புத்தகத்தில் விடுபட்ட பகுதிகளைப் படித்தபோது, எங்கள் திண்ணை போட்ட கதை ஒன்றும் மோசமில்லை என்றுதான் தோன்றியது.

வந்தியத்தேவன் வரும்போது கை வேகமாக ஓடும். நந்தினி பேச ஆரம்பித்தால் எல்லாக் கையும் நின்றுவிடும். பசை காய்ந்து போகிறது என்று உள்ளேயிருந்து பாட்டி சத்தம் போடுவாள். அக்கா நந்தினி பக்கம். “அவ செஞ்சதுல என்ன தப்பு? அவளைக் கேட்டா எல்லாம் நடந்துச்சு?” என்பாள். எதிர் வீட்டுப் பெண் குந்தவை பக்கம். இந்த வழக்கு அத்தியாயத்தைவிட நீண்டுபோகும். ஒருநாள் இருவரும் முறைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமலே ஒட்டினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழுவூர் ராணி நந்தினிக்காகக் கரிசல்காட்டில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். பின்னாளில் பட்டப்படிப்பில் பாத்திரப் படைப்பு என்று எனக்கு நடத்தியதெல்லாம் அந்தச் சண்டைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

புத்தகங்கள் வந்த இடம் அண்ணாச்சியின் வாடகை நூல் நிலையம். நூல் நிலையம் என்பது பெயருக்குத்தான். ஒரு தையல் கடையின் பாதியில் மூன்று பலகைத் தட்டு, ஒரு முக்காலி, ஒரு நீள நோட்டு. முன்பணம் கொஞ்சம் கட்ட வேண்டும், பிறகு நாள் வாடகை. ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தால் காசு மிச்சம் என்று விளக்கை எரியவிட்டு வாசித்து ஏச்சு வாங்காத பிள்ளை அந்தக் காலத்தில் யார்?

அண்ணாச்சி பெரிய படிப்பாளி இல்லை. ஆனால் நோட்டைப் புரட்டாமலே யார் எதை எங்கே விட்டார்கள் என்று சொல்வார். முதலில் எனக்குக் கிடைத்தது சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்துகொண்டிருந்த முத்து காமிக்ஸ். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் மாயாவியை நினைத்து, வீட்டு ஸ்விட்சைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்ததுண்டு. (தொடவில்லை.) அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால். தேநீர் குடித்துவிட்டு யோசித்தால் கொலைகாரன் அகப்பட்டுவிடுவான். அந்தக் காலத்தில் நானும் டீ குடிக்கும்போது நெற்றியைச் சுருக்கிக்கொள்வேன். எங்கள் வீட்டில் கண்டுபிடிக்க வேண்டிய குற்றம் எதுவும் நடக்காததுதான் குறை.

ஒருநாள் மேல்தட்டிலிருந்து நானே ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அட்டையைப் பார்த்த அண்ணாச்சி அதை வாங்கி நோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“இது ரெண்டு வருசம் போகட்டும் தாயி. இந்தா, லட்சுமி எழுதினது. இதைப் பாரு.”

கோபம் வந்தது. அழுகைகூட வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் பிறகு நடந்தது. பத்தாவது முடித்த விடுமுறையில், நான் கேட்காமலேயே அந்தப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டில் என் பெயரை எழுதி, பேனாவை மூடினார். நான் வளர்ந்துவிட்டேன் என்பதை என் வீட்டில்கூட யாரும் அவ்வளவு மரியாதையாக ஒப்புக்கொண்டதில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகருக்கு உரிய நூலையும், நூலுக்கு உரிய வாசகரையும் சேர்த்துவைப்பது அந்த விதிகளில் இரண்டு. உலகத்து நூலகப் படிப்பெல்லாம் அதைப் பாடமாக வைத்திருக்கிறது. அண்ணாச்சி ரங்கநாதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

வாடகைப் புத்தகங்களில் இன்னொரு சுகம், நமக்கு முன்னால் படித்தவர்களின் கையெழுத்து. “இந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன்” என்று ஒரு பெண் எழுதியிருப்பாள். கீழே இன்னொரு பேனா, “நானும்”. அதற்குக் கீழே ஒரு பென்சில், “நீங்கள் இருவரும் லூஸு”. துப்பறியும் கதையின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதிவைக்கும் சண்டாளன் ஒருவனும் எங்கள் ஊரில் இருந்தான். கடைசிவரை அவன் யார் என்று தெரியவில்லை. சங்கர்லாலிடம்தான் கொடுத்திருக்க வேண்டும் அந்தக் கேஸை.

இப்போது யோசித்தால் தெரிகிறது, எங்கள் வயதுக்கு என்று தமிழில் தனித் தட்டே கிடையாது. ஒரு பக்கம் அம்புலிமாமா, கோகுலம். மறு பக்கம் ராணி முத்து, மாலைமதி. நடுவில் பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை நாங்களே தட்டுத் தடுமாறி அக்கரைக்குப் போனோம். அமெரிக்காவில் எஸ். ஈ. ஹின்டன் என்ற பெண் தன் பதின்வயதிலேயே எழுதி 1967இல் வெளிவந்த ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலுக்குப் பிறகு அந்த வயதுக்கென்றே ஒரு பெரிய புத்தகச் சந்தை உருவானது. பையன்களின் கதையைப் பெண் எழுதியது தெரியக்கூடாது என்றுதான் பதிப்பகம் பெயரைச் சுருக்கி இனிஷியல் ஆக்கியதாம். நம்மிடம் அப்படிச் சந்தை உருவாகவில்லை. அதனால் கதைகளே இல்லை என்று ஆகிவிடாது. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு, அப்பாவோடு காட்டுக்குள் ஓடி ஒளிகிற சிதம்பரத்துக்கு வயது பதினைந்து. அதை யாரும் இளையோர் நாவல் என்று அட்டையில் போடவில்லை. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வையும் அப்படித்தான் சொல்வேன். குடிமக்களுக்கு இரண்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்க அனுமதிக்காத ஒரு சர்வாதிகார ஆட்சி, அதில் நிலா என்ற பெண், புத்தகம் படித்தே புத்தி வளர்க்கும் ஜீனோ என்ற இயந்திர நாய். பெரியவர்கள் பத்திரிகையில்தான் வந்தது. வெள்ளிக்கிழமை அதை முதலில் பிடுங்கியதென்னவோ வீட்டிலிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

நான் தமிழாசிரியை ஆனேன். பிள்ளைகள் தமிழம்மா என்பார்கள். தெற்கத்தி மாவட்டத்து அரசுப் பெண்கள் பள்ளி ஒன்றில் நூலகப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையில் இரண்டு இரும்பு பீரோ. சாவி பொறுப்பாசிரியரிடம். உள்ளே புத்தகங்கள் மடிப்புக் குலையாமல் இருந்தன. காரணம் எளிமையானது. ஒவ்வொன்றும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் எண்ணோடு ஏறியிருக்கும். தணிக்கையில் ஒரு எண் குறைந்தாலும் கேள்வி பொறுப்பாசிரியரைத்தான் கேட்பார்கள், சமயத்தில் பணத்தையும் கட்டச் சொல்வார்கள். தொலைந்தால் தண்டம், பூட்டியே வைத்திருந்தால் நல்ல பெயர். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்று கருத்தரங்கம் நடத்தினால் எப்படி?

சாவியை பீரோவிலேயே தொங்கவிட்டேன். சிலது தொலைந்தன. அந்தப் புத்தகத்தையே வேறு பிரதி வாங்கி, பழைய எண்ணை எழுதி வைத்துவிடுவேன். பெரிய செலவில்லை. அப்போது பிள்ளைகளுக்கான புத்தகம் ஒரு பஸ் டிக்கெட் விலைதான்.

ஆனால் பீரோ திறந்திருப்பதாலேயே யாரும் வந்துவிடுவதில்லை. வாசி, நல்லது என்றால் எந்தப் பிள்ளை வாசிக்கும்? திண்ணையில் கற்ற வித்தையைத்தான் எடுத்தேன். கடைசிப் பாடவேளையில் மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கதையைச் சத்தமாக வாசிப்பேன். சிக்கலான இடத்தில் மணி அடிக்கும். புத்தகத்தை மூடிவிடுவேன்.

“யம்மா, அப்புறம் என்னாச்சும்மா?”

“பீரோவுல இருக்கு.”

இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை அப்படித்தான் ஆரம்பித்தேன். கேள்வி கேட்டு அடிவாங்குகிற ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் கதை. சின்னப் புத்தகம். மறுநாள் அதை எடுத்துப்போனவள் அழுத கண்ணோடு வந்து, “ஏம்மா அவளைச் சாக விட்டாரு?” என்று என்னிடம் சண்டைக்கு நின்றாள். அந்த வாரம் புத்தகம் ஒரு வீட்டில் ஓர் இரவுக்கு மேல் தங்கவில்லை.

வாடகைப் புத்தகக் கிறுக்கல்களையும் விடவில்லை. ஒவ்வொரு புத்தகத்தின் பின்அட்டை உள்பக்கத்திலும் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் மிக அருமை, நல்ல நீதி என்று எனக்குப் பயந்து எழுதினார்கள். நான் அதைப் பார்ப்பதே இல்லை என்று தெரிந்த பிறகு நிஜம் வந்தது. “முதல் இருபது பக்கம் அறுவை. பொறுத்துக்கோ.” “கணக்கு பீரியட்ல படிக்காதே, சிரிச்சு மாட்டிக்குவ.” “இதுல வர்ற அம்மா எங்க அம்மாதான்.” நான் சிபாரிசு செய்த புத்தகத்தை ஒருத்தி எடுத்தாள் என்றால் அந்தத் தாள் சிபாரிசு செய்ததைப் பத்துப் பேர் எடுத்தார்கள். பதினாலு வயதுப் பிள்ளைக்கு இன்னொரு பதினாலு வயதுப் பிள்ளையின் சொல்தான் வேதவாக்கு. டீச்சர் சொல் அதற்கு அப்புறம்தான்.

நான் ஓய்வு பெறும் தறுவாயில், 2019இல், ‘அசுரன்’ படம் வந்தது. படத்துக்கு மூலம் ‘வெக்கை’ என்று ஒரு பெண் தெரிந்துகொண்டு வந்து கேட்டாள். கொடுத்தேன். “வட்டார வழக்கும்மா, கஷ்டமா இருக்குமே” என்று சக ஆசிரியை ஒருவர் கவலைப்பட்டார். அந்தப் பிள்ளை, “இதுல என்னம்மா கஷ்டம், எங்க தாத்தா பேசுற பேச்சுதானே” என்றாள். பாடப்புத்தகத் தமிழ்தான் அவளுக்கு வட்டார வழக்கு.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நூல். தன்னிடம் தவறாக நடந்துகொள்ளும் பெரியவரைப் பற்றி வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் சிறுமிக்கு ஒரு மரப்பாச்சிப் பொம்மை துணை நிற்கும் கதை. விருதெல்லாம் வரும் முன்பே அது எங்கள் பீரோவுக்கு வந்துவிட்டது. எடுத்துப்போன ஒரு பெண் திருப்பிக் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. சில நாள் கழித்து, வகுப்பெல்லாம் முடிந்த பிறகு அவள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்று பேசியதை எழுத எனக்கு உரிமையில்லை. அந்தப் புத்தகத்துக்கு மட்டும் மாற்றுப் பிரதி உடனே வாங்கினேன், அடுத்தவளுக்கு வேண்டியிருக்கலாம் என்று.

இடையில் கோவில்பட்டிக்குப் போகும்போதெல்லாம் அக்காவைப் பார்ப்பேன். தெருவில் இப்போது யாரும் பெட்டி ஒட்டுவதில்லை. மரச்சீவல் போய் அட்டைப்பெட்டி வந்துவிட்டது, அதை மிஷின் மடிக்கிறது. அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் வாசிக்கிறாள். பேத்தி எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள் என்று குறைப்பட்டாள். நான் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, என்னடி பார்க்கிறாய் என்றேன். பிரதிலிபி என்ற கதைச் செயலியில் ஒரு தொடர்கதை. கூட்டுக்குடும்பம், முறைப்பையன், ஒரு பழைய கொலை, அடுத்த பாகத்துக்குக் காத்திருக்க வேண்டுமாம். அவளுடைய தோழிகள் நாலைந்து பேரும் அதையே படித்துவிட்டு, கதாநாயகி செய்தது சரியா தப்பா என்று வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்கிறார்கள். அக்காவிடம் சொன்னேன், “ஒன் பேத்தி ஒன்னை மாதிரியேதான் இருக்கா.” அவளுக்குப் புரியவில்லை. அதற்கென்ன, அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லையே” என்று ஆரம்பித்துவிட்டாள்.

எனவே இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் ஒன்று கேட்பேன்: நீங்கள் கடைசியாக வாசித்த கதை எது? பெரும்பாலும் பதில் வராது.

காலம் மாறாமலும் இல்லை. பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கம் என்று தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்களை வகுப்பறைக்கே அனுப்புகிறது. ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்குத் ‘தேன்சிட்டு’ இதழ் வருகிறது. எங்கள் ஊர்க்காரர், ரயில்வேயில் வேலை பார்த்த உதயசங்கர், கீழடியை வைத்து ‘ஆதனின் பொம்மை’ என்று இளையோருக்காகவே ஒரு நாவல் எழுதி, 2023இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கினார். அட்டையிலேயே இளையோர் நாவல் என்று போடுகிற காலம் வந்துவிட்டது. எங்கள் திண்ணைக்கு அது கிடைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

குறை ஒன்று உண்டு. எழுதுகிறவர்கள் இன்னும் பிள்ளைகளுக்கு நல்லது சொல்லும் அவசரத்தில் இருக்கிறார்கள். பத்தாம் பக்கத்திலேயே உபதேசம் எட்டிப் பார்த்தால் பதினைந்து வயது அதை மோப்பம் பிடித்துவிடும். அந்த வயதுக்கு வேண்டியது நந்தினி. சரியா தப்பா என்று சண்டை போட ஒருத்தி வேண்டும்.

நூலக வரியை நாம் வீட்டுவரியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு வீட்டிலிருக்கும் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளையைக் கூட்டிப் போங்கள். உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். இளையோருக்கு ஒரு தனித் தட்டு ஒதுக்கச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள். அவர் மறுக்க மாட்டார், கேட்கிற ஆள்தான் இதுவரை வரவில்லை. அப்புறம் பிள்ளை எதை எடுக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் வெளியே வந்து நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.